அறுகம்புல்லும் 108 மில்லிமீட்டர் குழியும்

"உள்ள விடுவாங்களா மாமா?"

தைப்பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டு வளவில் நின்று மருமகன் கேட்ட கேள்வி இது. அவன் கையில், நான் டுபாயிலிருந்து கொண்டுவந்த பழைய ஏழாம் நம்பர் கோல்ஃப் மட்டை. ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை. மட்டையை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு தூரம் அடிக்கலாம் என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. கோல்ஃப் மைதானம் என்றதும் அவன் மனசில் வந்தது ஒரு பெரிய கேட்டும், அதற்கு முன்னால் நிற்கிற காவலாளியும்தான்.

அவனைக் குறை சொல்லமாட்டேன். மட்டக்களப்பில் வளர்ந்த பிள்ளைக்குக் கிரிக்கெட் தெரியும், உதைபந்து தெரியும், வெபர் அடிகளார் வளர்த்துவிட்டுப் போன கூடைப்பந்து நன்றாகவே தெரியும். கோல்ஃபை மட்டும் இங்கே யாரும் கிட்ட நின்று பார்த்ததில்லை. பந்தை மட்டையால் அடித்து ஒவ்வொரு குழியாக விழுத்துகிற ஆட்டம் இது. முழு ஆட்டமாக 18 குழி ஆடவேண்டும் என்றால் மாவட்டத்தை விட்டு வெளியே போகத்தான் வேண்டும். ஆனால் போனால் உள்ளே விடுவார்கள். எங்கே, எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இந்த விளையாட்டுக்குள் வந்தது மட்டையால் அல்ல, புல்லால். படுவான்கரையில் வெள்ளாமை செய்கிற குடும்பம் எங்களுடையது. 24 வயதில் டுபாய்க்குப் போகும்போது ஏஜென்சியில் "தோட்ட வேலை" என்றார்கள். போய் இறங்கிய மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் விட்ட இடம் ஒரு கோல்ஃப் மைதானம். சுற்றிவர மணல், நடுவில் பச்சை. மிசின் கொட்டிலுக்குப் பக்கத்தில், வெட்டாமல் விட்டிருந்த ஓரத்தில் குனிந்து ஒரு கொடியைப் பிடுங்கி டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். கணுவுக்குக் கணு வேர், கூரான சின்ன இலை, நுனியில் விரல் விரித்த மாதிரிக் கதிர். அறுகம்புல்!

சதுர்த்திக்குப் பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அறுகு. வயல் வரம்பில் படர்ந்தால் அப்பா மண்வெட்டியால் கொத்திக் கொத்திச் சலித்துப்போகிற அதே அறுகு. அதைக் கடல் கடந்து கொண்டுபோய், தண்ணீர் விட்டு, பசளை போட்டு, நோய் வந்தால் மருந்தடித்துக் கைக்குழந்தை மாதிரி வளர்க்கிறார்கள். ஆங்கிலக்காரர் அதைப் பெர்முடாப் புல் என்கிறார்கள். பெர்முடா அது பிறந்த ஊர் இல்லை, போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்று. வெப்பமான நாடுகளில் கோல்ஃப் மைதானம் என்றால் பெரும்பாலும் இந்தப் புல்தான். குழி இருக்கிற இடத்தைக் கிரீன் என்பார்கள். அங்கே மட்டும் நம் அறுகையும் அதன் ஆபிரிக்கச் சொந்தக்காரப் புல் ஒன்றையும் சேர்த்து உண்டாக்கிய கலப்பினத்தைப் போடுவார்கள். அது இன்னும் மெல்லியது, இன்னும் அடர்த்தியானது. நம் அறுகம்குடா சுமப்பது இந்தப் புல்லின் பெயரைத்தான். சர்ஃபிங் ஆட உலகம் முழுக்க இருந்து அம்பாறைக்கு வருகிறவர்கள் ஒரு கோல்ஃப் புல்லின் பெயரைத்தான் நாளும் பொழுதும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

11 வருடம் அந்த வேலை. கிரீனில் புல்லின் உயரம் 3 மில்லிமீட்டர் சொச்சம், அதாவது ஒரு நெல்மணியின் அகலம். அந்த உயரத்துக்கு வெட்டுகிற மிசினின் கத்தி ஒரு முடியளவு சரிந்தாலும் அடுத்தநாள் காலை கிரீனில் கோடு தெரியும். ஆட வருகிறவர் பார்க்க முன்னம் நாங்கள் பார்த்துவிட வேண்டும். மறுகா, குழி. ஒரே இடத்தில் குழி இருந்தால் சுற்றிவர மிதிபட்டுப் புல் செத்துப்போகும் என்பதால் ஒவ்வொரு நாள் காலையிலும் புதிய இடத்தில் வெட்டுவோம். வெட்டி எடுத்த உருளை மண்ணைப் புல்லோடு கொண்டுபோய்ப் பழைய குழியில் வைத்து, நீர் தெளித்து, கையால் தட்டிவிட்டால் தழும்பு தெரியாது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். எந்த நாட்டுக்குப் போனாலும் இதே அளவுதான், 1891இல் வந்த விதி. 108 என்ற கணக்கு எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காக மைதானத்தை மூடுவார்கள். வேலை முடிந்த பின்னேரம் எங்களையும் ஆட விடுவார்கள். சின்ன வயசில் கிட்டி அடித்த கை. பந்தில் கண்ணை வைத்துக்கொண்டு இடுப்பைக் கிறுக்கி அடிக்கிற வித்தை எங்கோ ஒளிந்திருந்திருக்கிறது. மூன்றாவது அடியில் பந்து எழும்பியது. அது போகிற நேரத்தில் காதில் ஒன்றுமே கேட்காது. அந்த மௌனம்தான் என்னை இழுத்து வைத்துக்கொண்டது.

எங்கள் மேற்பார்வையாளர் ஸ்கொட்லாந்துக்காரர். ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. கோல்ஃபின் தாய்வீடு என்று சொல்கிற சென் அன்ட்ரூஸ் பழைய மைதானம் தனியார் கழகத்தின் சொத்து இல்லை, அது பொதுநிலம் என்றார். பிறகு நானும் தேடித் தேடி வாசித்தேன், உண்மைதான். கடலுக்கும் விவசாய நிலத்துக்கும் நடுவில், ஒரு பயிரும் சரியாக விளையாத மணல் மேட்டில், ஆடு மேய்ந்த புல்லின்மேல் ஊர்ச்சனம் ஆடிய ஆட்டம் அது. 22 குழியாக இருந்ததை 1764இல் 18 ஆக்கினார்கள். அதுவே உலகத்துக்கு முறையானது. 1974இல் பாராளுமன்றச் சட்டம் போட்டு ஒரு பொது நம்பிக்கை நிதியத்திடம் பராமரிப்பைக் கொடுத்தார்கள். வெளியூர்க்காரரும் சீட்டுக்குப் பெயர் கொடுத்து, குலுக்கலில் வந்தால் ஆடலாம். ஞாயிற்றுக்கிழமையில் பொதுவாக ஆட்டமே இல்லை. அன்றைக்கு ஊர்ச்சனம் நாயைக் கூட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, உலகச் சம்பியன்கள் நடந்த அதே புல்லில் உலாவுகிறது.

நம் நாட்டில் கதை வேறு. இங்கே இந்த ஆட்டம் வெள்ளைக்காரரோடு வந்து, கழகமாகத்தான் வேர் விட்டது. கொழும்பில் 1879இல் காலிமுகத்திடலில் ஆரம்பித்து, பின்னர் பொரளைப் பக்கம் போய், 1928இல் 'றோயல்' பட்டம் வாங்கிய கழகம் இன்றைக்கும் இருக்கிறது. அந்த மைதானத்துக்குக் குறுக்கே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. ரயில் வந்தால் ஆட்டம் நிற்கும். நுவரெலியாவில் 1889இல் தொடங்கிய மைதானம் நகரத்தின் நடுவிலேயே கிடக்கிறது. கழகம் என்ற பெயரைக் கண்டு பயப்படாதீர்கள். இந்த இடங்களிலும் அங்கத்தவர் அல்லாதவர் அன்றைய கட்டணத்தைக் கட்டி ஆட வழி இருக்கிறது. முதலில் போன் எடுத்துக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். கட்டணம் அடிக்கடி மாறும் என்பதால் இங்கே நான் தொகை எழுதவில்லை. வார நாளில் குறைவாக இருக்குமா, மட்டை வாடகைக்குத் தருவார்களா, இதற்கு முன் ஆடிய சான்று ஏதும் வேண்டுமா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து போகிறவருக்கு என் வரிசை இதுதான்: முதலில் திருகோணமலைப் பக்கத்துச் சீனக்குடா, பிறகு கண்டிப் பக்கத்துத் திகன, அதற்குப் பிறகு நுவரெலியா. கொழும்பு, அம்பாந்தோட்டை எல்லாம் கை பழகின பிறகு பார்க்கலாம். அம்பாந்தோட்டையில் 2016இல் திறந்த ஷங்ரி-லா ஹோட்டல் மைதானம் பார்க்க மிக அழகு, கடல் காற்றும் உண்டு. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவன் அவ்வளவு காசைக் கொண்டுபோய் அங்கே கொட்ட வேண்டியதில்லை.

திகனைக்குப் போகிற வழியே ஒரு விருந்து. செங்கலடியால் ஏறி, மகா ஓயா, பதியத்தலாவ, மகியங்கனை தாண்டினால் பதினெட்டு வளைவு என்று சொல்கிற மலைப்பாதை. 18 வளைவு ஏறி, 18 குழி ஆடி, திரும்பி 18 வளைவு இறங்கி வருவது என்பது எங்கள் கூட்டத்தில் ஒரு வேண்டுதல் மாதிரி. மைதானம் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கிறது. வடிவமைத்தவர் டொனால்ட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர். பார் 73, அதாவது கை தேர்ந்த ஒருவர் 18 குழியையும் 73 அடியில் முடிக்கவேண்டும் என்பது கணக்கு. மேடும் பள்ளமுமாக இருப்பதால் கால் கடுக்கும். ஒரு கிரீனில் நின்று நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நான் அடிக்க மறந்து நின்றிருக்கிறேன். பின்னால் வந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

நுவரெலியாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அங்கே என்னோடு பை தூக்கி நடந்த கெடி, தோட்டத்தில் பிறந்த தமிழர். அறுபதை நெருங்கியவர். கிரீனில் நான் பந்தைத் தட்ட நின்றபோது, "தம்பி, அது நேரா இருக்கிற மாதிரித்தான் தெரியும். ரெண்டு விரக்கடை இடப்பக்கம் பாருங்க" என்றார். கேட்டேன், விழுந்தது. அந்தப் புல்லின் ஒவ்வொரு சரிவும் அவர் உள்ளங்காலில் எழுதியிருந்தது. இந்த நாட்டின் நல்ல கோல்ஃப் ஆட்டக்காரர் பலர் இப்படிப் பை தூக்கிய வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். இந்தியத் தொழில்முறைச் சுற்றில் போய்ப் பட்டம் வென்ற என். தங்கராஜாவின் பெயரை எங்கள் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க வேண்டும். அவரைப் பற்றி ஒரு பள்ளிக்கூடத்திலும் யாரும் பேசக் கேட்டதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, கேட்டுக்கு வருவோம். மருமகனின் பயம் வெறும் பயம் இல்லை, எனக்கும் நடந்திருக்கிறது. ஊர் திரும்பிய முதல் வருடம், ஓர் இடத்துக்கு முன்கூட்டியே பேசிவிட்டு, பஸ்ஸில் போய் இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனேன். வாசலில் நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேலைக்காரருக்குப் பின் கேட்" என்று கையைக் காட்டினார். நான் கோபப்படவில்லை. 11 வருடம் பின் கேட்டால் போய் வந்தவன்தானே, கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. பத்தடி நடந்த பிறகுதான் நின்றேன். திரும்பி வந்து, காசு கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டினேன். விட்டார்கள். ஆனால் அன்றைக்கு முழுக்க ஒரு பந்தும் நேராகப் போகவில்லை. இவ்வளவு காலம் கழித்தும், அந்தப் பத்தடியை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. மருமகன் அப்படி ஒரு பத்தடி நடக்கக்கூடாது என்றுதான் மாசி மாதம் அவனை நானே கூட்டிக்கொண்டு போனேன்.

மட்டக்களப்பிலிருந்து சீனக்குடா சுமார் 130 கிலோமீட்டர். வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா. ஒருகாலத்தில் துறைக்குத் துறை பாதைப் படகில் ஏறி இறங்கிப் போன வழி. இப்போது எல்லாம் பாலம். கிண்ணியாப் பாலம் மட்டும் 396 மீட்டர், திறந்தது 2009இல். அதைக் கடக்கும்போது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மருமகன் ஒன்றும் பேசவில்லை. கொலர் வைத்த ரீசேர்ட், கறுத்தக் காற்சட்டை, துடைத்த சப்பாத்து. ஜீன்ஸ் போடாதே என்று நான்தான் சொல்லியிருந்தேன். கொலர் வைத்த மேற்சட்டை வேண்டும் என்பதும் ஜீன்ஸ் கூடாது என்பதும் பெரும்பாலான மைதானங்களில் எழுதி வைத்திருக்கிற ஒழுங்கு.

சீனக்குடா மைதானம் விமானப்படையினுடையது. 18 குழி. பெயர் 'ஈகிள்ஸ்'. படை முகாமுக்குள் போகிறோம் என்பதால் முன்கூட்டிப் பேசிவிட்டு, அடையாள அட்டையோடு போகவேண்டும். வாசலில் இருந்த வீரர் எங்கள் இருவரின் அட்டையையும் வாங்கி, இலக்கத்தை எழுதி, திருப்பிக் கொடுத்து, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கையைக் காட்டினார். முன் பக்கம். மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

ஆடம்பரம் தேடிப் போகிறவருக்கு அது இடம் இல்லை. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் பச்சையாக இருக்கும். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் புல் காய்ந்து, பந்து தார் ரோட்டில் போகிற மாதிரி ஓடும். எனக்கு அந்தக் காய்ந்த நிலம்தான் பிடிக்கும். நிலம் எப்படிச் சரிகிறதோ அப்படிப் பந்து போகும். மரங்களுக்கு நடுவால் துறைமுகத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். காற்று எந்த நேரமும் ஏதாவது ஒரு கன்னத்தில் இருக்கும்.

முதல் குழியில் மருமகன் அடித்த பந்து நாற்பது யார் தூரம் உருண்டது. இரண்டாவது குழியில் மண்ணைத்தான் அடித்தான், பந்து அசையவில்லை. பின்னால் யாரும் இல்லை. நான் அவசரப்படுத்தவில்லை. கிளம்பிய புல் துண்டை எடுத்துவரச் சொல்லி, பள்ளத்தில் வைத்து, சப்பாத்தால் மிதிக்கச் சொன்னேன். கிரீனில் பந்து விழுந்து உண்டான சின்னக் குழியை எப்படி மூடுவது என்று முழங்காலில் இருந்து காட்டினேன். கையில் வைத்திருக்கிற சின்ன முட்கருவியை ஓரத்தில் குத்தி, நடுப்பக்கமாக மெதுவாகத் தள்ளவேண்டும். அடியிலிருந்து கிண்டித் தூக்கக்கூடாது, தூக்கினால் வேர் அறுந்து அந்த இடம் ரெண்டு மூன்று கிழமைக்கு மண்ணிறமாகக் கிடக்கும். இதைச் செய்யாமல் போகிற ஆட்களை நான் 11 வருடம் பார்த்திருக்கிறேன். எத்தனை அடியில் வென்றார்கள் என்று எனக்குக் கவலை இல்லை, அவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள் இல்லை. மைதானத்து மணல் பள்ளத்துக்குள் பந்து போனால் அடித்துவிட்டு உன் காலடியை நீயே வாரிவிட்டு வா என்றேன். வாரினான், வயல் வேலை செய்த வீட்டுப் பிள்ளை, பலகை அடித்த மாதிரி வாரினான்.

பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ குழியில் அது நடந்தது. ஏழாம் நம்பர் மட்டைதான். சத்தமே வேறு. பந்து எழும்பி, காற்றில் கொஞ்சம் வளைந்து, கிரீனுக்கு முன்னால் விழுந்து, ஏறி நின்றது. அவன் மட்டையைத் தோளில் வைத்தபடி அப்படியே நின்றான். "மாமா, காது அடைச்ச மாதிரி இருந்தது" என்றான்.

ஓம். அதேதான்.

வரும்போது வாகரையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். அவன் கேட்டான்: "இது ஏன் நம்மட ஊரில இல்ல?" எனக்கும் இதில் ஓர் ஆசை உண்டு, சொல்கிறேன். 18 குழி மைதானத்துக்கு ஐம்பது அறுபது ஹெக்டேர் நிலமும் எந்நேரமும் தண்ணீரும் வேண்டும். வெள்ளாமைக்கே வாய்க்கால் தண்ணீர் எண்ணி எண்ணி வருகிற ஊரில் அதைக் கேட்க எனக்கு வாய் வராது. யாருடைய காணியையும், கரைவலை இழுக்கிற ஒருவருடைய கடற்கரையையும் எடுத்து விளையாட்டுத்திடல் ஆக்கக்கூடாது. நான் கேட்பது மிகச் சின்னது: பொதுக்காணியில், கடலோர மணலில் ஒன்பது குழி. எல்லாம் குறுகிய குழி. ஒரு மணித்தியாலத்தில் ஆடி முடித்துவிடலாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆடலாம்.

புல்லே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். வளைகுடாவில் முதல் புல் மைதானம் டுபாயில் 1988இல்தான் திறந்தது. அதற்கு முன்னும் அங்கே ஆடினார்கள், மணலில். ஆட்டக்காரர் ஒரு சின்னப் புற்பாயைக் கையோடு கொண்டு நடந்து, பந்தை அதன்மேல் வைத்து அடிப்பார். குழியைச் சுற்றி மணலில் எண்ணெய் கலந்து அமுக்கியிருப்பார்கள், பச்சைக்குப் பதில் மண்ணிறம். நமக்கு எண்ணெய் வேண்டாம், வாவி கெட்டுப்போகும். மணலை நனைத்து உருளை போட்டாலே போதும். ஸ்கொட்லாந்தில் ஆடு மேய்ந்த மணல்மேடு உலகத்துக்கே ஆட்டம் கொடுத்ததென்றால், கல்லடிக்கும் பாசிக்குடாவுக்கும் இடையில் கிடக்கிற மணல் எதில் குறைந்தது?

இப்போதைக்கு வீட்டு வளவில் ஒன்று வைத்திருக்கிறேன். பத்தடிக்குப் பத்தடி. வரம்பில் கொத்தி எறிந்த அறுகைத்தான் பதித்தேன். உப்புக் கிணற்றுத் தண்ணீரையும் தாங்கிக்கொண்டு பிடித்துவிட்டது. 3 மில்லிமீட்டருக்கு வெட்டுகிற மிசின் இல்லை, கத்தரியால் ஒரு சென்ரிமீட்டர் வரை வெட்டுகிறேன். குழிக்கு நாலு அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு துண்டு. வெளி விட்டம் 110 மில்லிமீட்டர், அளந்து பார்த்தேன். பின்னேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். பந்தைக் குழிக்குள் தட்டிவிடுகிற பட்டர் மட்டை இரண்டுதான் இருக்கிறது, மாறி மாறிப் பிடிக்கிறார்கள். தங்கச்சி ஆரம்பத்தில், "தோசைக்கல்லு மாதிரி நிலத்தச் சுரண்டி வச்சிருக்கிறீங்க அண்ணன்" என்றாள். இப்போது கோழி அதில் ஏறினால் அவள்தான் முதலில் ஓடிவந்து கலைக்கிறாள்.

சித்திரைப் புத்தாண்டு கழிந்த முதல் சனிக்கிழமை மறுபடி சீனக்குடாவுக்குப் போகிறோம். மருமகனோடு அவன் கூட்டாளிகள் மூன்று பேர். மட்டை என்னிடம் பதினொன்று இருக்கிறது, ஒருவர் ஒரு ஆட்டத்தில் பதினாலு வரை வைத்திருக்கலாம் என்பது விதி என்றாலும், தொடங்குகிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று போதும். விடியற்காலை நாலரைக்குக் கல்லடிப் பாலத்தடியிலிருந்து வெளிக்கிடுகிறோம். கொலர் வைத்த ரீசேர்ட், அடையாள அட்டை, தொப்பி, குடிக்கத் தண்ணீர். வேனில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.